கண் கட்டப்பட்ட மங்கை

கோயிற் சித்திரங்கள் எழுத்தறியாதார்க்கு ஏடாகும் என்று ஏறக்குறைய கி.பி. 600-இல் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் மார்சேல் நகரத்து அத்தியட்சருக்கு எழுதினார். அவ்வேட்டில் இடைக்கால ஐரோப்பியர் வேதத்தை மட்டுமோ படித்தனர்? தம்மினின்று வேறுபட்டோரை எவ்வாறு நோக்குவது என்பதையும் அதிலேயே படித்தனர். இதனை மூன்று ஆலயங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தின் தென்வாயிலுக்கென ஏறக்குறைய 1230-இல் இரு மங்கையர் உருவங்கள் செதுக்கப்பட்டன. ஒருத்தி திருச்சபை, முடிசூடி, சிலுவைக்கொடி தாங்கி நிமிர்ந்து நிற்கின்றாள். மற்றொருத்தி யூதரின் ஜெப ஆலயம், அவள் கண்கள் துணியாற் கட்டப்பட்டுள்ளன, ஈட்டி முறிந்துள்ளது, நியாயப்பிரமாணப் பலகைகள் கையினின்று நழுவுகின்றன. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலே பவுல் அப்போஸ்தலர் கூறிய முக்காடே இங்குக் கண்கட்டாயிற்று எனலாம். தோற்றவளையும் சிற்பி பேரழகியாகவே வடித்தான். ஆயினும் அவளைக் குருடி என்றே உலகிற்குக் காட்டினான்.

கல்லிற் காட்டிய வேற்றுமை சட்டத்திலும் இடம்பெற்றது. யூதரும் முஸ்லிம்களும் உடையால் வேறுபட்டுத் தோன்றவேண்டுமென 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. 1349 பிப்ரவரி 14-இல், கொள்ளைநோய்க்குக் காரணம் கிணறுகளில் யூதர் இட்ட நஞ்சே என்னும் பொய்ப்பழியால், அதே ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர் எரித்துக் கொல்லப்பட்டனர். சிலையே தீ மூட்டிற்று என்று நாம் சொல்லோம். எனினும், அயலானைக் குருடனாகக் கண்டு பழகிய கண், அவன் துயரையும் காணாதொழிதல் இயல்பன்றோ?

இனி, வெஸலே ஆலயத்தைக் காண்போம். 1120-ஐ அடுத்த ஆண்டுகளில் அமைந்த அதன் உள்வாயிற் சிற்பத்தில், அப்போஸ்தலர் நற்செய்தி கொண்டு செல்லவேண்டிய தூரதேசத்தார் காணப்படுகின்றனர். அவருள் நாய்முகத்தாரும், உடலை மூடும் செவியுடையாரும், ஏணி வைத்துக் குதிரையேறும் குள்ளரும் உளர். இத்தகைய நாய்முகத்தார் இந்தியாவில் வாழ்வதாகக் கிறிஸ்துவுக்கு முன் 400-ஐ ஒட்டி எழுதியவர் கிதேசியாஸ் என்னும் கிரேக்க மருத்துவர். ஆகவே, அச்சிற்பி நம்மை எவ்வரிசையில் நிறுத்தியிருப்பான் என்று இந்தியக் கிறிஸ்தவராகிய நாம் வினவுதல் தகும். நற்செய்தி அவர்க்கும் உரியது என்று அவன் நம்பினான். அவரும் தன்னைப் போன்ற மனிதரே என்று எண்ணினானில்லை.

ஆயினும் இருளிடையே ஓர் ஒளியுமுண்டு. ஜெர்மனியில் மக்டிபூர்க் பேராலயத்திலுள்ள பரிசுத்த மௌரிசியார் சிலை ஏறக்குறைய 1240-இல் வடிக்கப்பட்டது. எகிப்தினின்று வந்த படையின் தலைவர் என்று மரபு கூறும் அவரை, இரும்புக் கவசம் அணிந்த கறுப்பின வீரராக, உயிருள்ள முகத்தோடு சிற்பி அமைத்தான். விகாரம் ஒன்றுமில்லை, கம்பீரமே உண்டு. வேற்றினத்தானை மனிதனாகக் காணல் அக்காலத்தில் இயலாததன்று என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

2015-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அவ்விரு மங்கையரும் புதிதாக வடிக்கப்பட்டனர். இப்பொழுது இருவரும் சகோதரிகள்போல அருகருகே அமர்ந்துள்ளனர். ஒருத்தியிடம் புத்தகம், மற்றவளிடம் தோற்சுருள். இருவர்க்கும் முடி உண்டு, கண்கட்டு இல்லை. பழைய சிலைகளை உடைத்தல் வேண்டா; அவற்றின் அழகை வியப்போம், அவற்றின் பிழையையும் மறையாது உரைப்போம். அயலார் கண்ணைக் கட்டிய கை நம் சபையின் கையே என்று ஒப்புக்கொள்ளுதல், அக்கட்டை அவிழ்ப்பதன் தொடக்கமாகும்.