டிசம்பர் தள்ளுபடியும் பத்தாவது எழுத்தும்

டிசம்பர் 31 நெருங்க நெருங்க, வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம். வெர்னா டர்போ, விர்டஸ் ஜிடி, ஸ்லாவியா ஆகிய செடான் கார்களுக்குத் தள்ளுபடி சொல்கிறார்கள், ஜனவரியில் விலை ஏறும் என்கிறார்கள், இப்போதே வாங்கிவிடலாமா என்று கேட்டு எழுதுகிறார்கள்.

விலையேற்ற அறிவிப்பு ஆண்டுதோறும் டிசம்பரில் வருவதுதான். அதைக் கேட்டுப் பதற வேண்டாம். தள்ளுபடி ஏன் கிடைக்கிறது என்பது சேஸிஸ் நம்பரில் இருக்கிறது.

அந்த நம்பரில் 17 இடங்கள். பெரும்பாலான கம்பெனிகள் பத்தாவது இடத்தில் ஆண்டைக் குறிக்கும் எழுத்தைப் பொறிக்கின்றன. 2024-க்கு 'ஆர்', 2025-க்கு 'எஸ்'. ஜனவரி பிறந்தால் அடுத்த எழுத்து வந்துவிடும். ஷோரூமில் நிற்கும் 'எஸ்' கார் ஒரே இரவில் போன வருஷத்து மாடல் ஆகிவிடுகிறது. எஸ்யூவி மோகத்தில் இந்த செடான்கள் மெதுவாகத்தான் நகர்கின்றன. பெரும்பாலான டீலர்கள் கடன் வாங்கித்தான் ஸ்டாக் எடுக்கிறார்கள். கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. ஆகவே, குறைக்கும் பணம் அந்த ஒரு வயதுக்கு முன்கூட்டியே தரும் ஈடு.

அந்த ஈடு உங்களுக்குப் போதுமா என்பது காரை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றே வருஷத்தில் விற்பவரிடம் பழைய கார் வியாபாரி முதலில் கேட்பது "எந்த வருஷ மாடல்?" என்றுதான். ஆர்சி-யில் பதிவுத் தேதியோடு தயாரிப்பு மாதமும் வருஷமும் இருக்கும். அவர் பார்ப்பது தயாரிப்பு வருஷத்தை. பத்து வருஷம் ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் கரைந்துவிடும். தள்ளுபடி முழுக்க லாபம். 'எஸ்' கார் 2026-ல் பதிவானால் 2026 மாடல்தான் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

'எஸ்' என்பதிலும் ஜனவரி உண்டு, நவம்பர் உண்டு. சென்னைப் புறநகர் யார்டு ஒன்றில் சிவப்பு செடான் ஒன்றைக் குனிந்து பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் 1925 என்ற நான்கு இலக்கம்: 2025-ன் 19-வது வாரம், அதாவது மே மாதத் தொடக்கம். பிரேக் டிஸ்க்கில் துரு படர்ந்திருந்தது. டயரின் தேதி காரின் தேதி ஆகாது. ஆனாலும் எத்தனை மாதம் வெயிலில் நின்றது என்று கேட்க அது போதும். நீண்ட நாள் நின்ற காரில் பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

'ஒரு லட்சம் வரை' என்ற விளம்பரத்தில் 'வரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் சலுகை எல்லாம் அதில் அடக்கம். மாற்றிக்கொள்ளப் பழைய காரும் கார்ப்பரேட் சலுகைக்கான தகுதியும் இல்லாதவருக்குக் கிடைப்பது ரொக்கத் தள்ளுபடி மட்டுமே.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஜிஎஸ்டி எவ்வளவு? இந்த செடான்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம், செஸ் கிடையாது. முன்பு செஸ்ஸோடு சேர்த்து 45.

சாலை வரி? தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம், அதற்கு மேல் 20.

பில்லில் 1 சதவீத டிசிஎஸ்? கார் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் உண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம்.

டீலரிடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் நகருக்குச் சரிப்படுமா? ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் சூடாகும். டெஸ்ட் டிரைவை மாலை நெரிசலில் கேளுங்கள்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் கிடைக்குமா? அது ஆய்வகத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த கணக்கு. விர்டஸ் 1.5 இன்ஜின் சுமை குறைந்தால் இரண்டு சிலிண்டரை நிறுத்திவிடும். அதன் பலன் நெடுஞ்சாலையில் தெரியும், நகருக்குள் அவ்வளவு தெரியாது.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு ஒதுக்கிய காரின் சேஸிஸ் நம்பரையும் தயாரிப்பு மாதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். யார்டுக்குப் போய் அதே நம்பர் காரில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.