தலையைப் பார்த்துப் பருவம் சொல்லலாம்!

ரசத்துக்கு ஒரு கொத்துக் கிள்ளலாமென்று கறிவேப்பிலைக் கன்றிடம் போகிறீர்கள். இலைமேல் குருவி எச்சம்போல ஏதோ ஒட்டியிருக்கிறது. உற்றுப் பார்த்தால், அடடா, அது நகர்கிறது!

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாமே அதற்கு விருந்துதான். முட்டையிலிருந்து வந்த புழு, கூட்டுப்புழு ஆவதற்கு முன் நான்கு தடவை சட்டை உரிக்கிறது. ஆக, புழு வாழ்வில் ஐந்து பருவங்கள். முதல் நான்கிலும் எச்ச வேஷம். ஐந்தாவதில் பச்சை உடை.

பச்சையைக் கண்டால் ஐந்தாம் பருவம் என்று சொல்லிவிடலாம். எச்ச வேஷத்தில் இருப்பது இரண்டாவதா, மூன்றாவதா? நீளத்தை நம்ப முடியாது. வயிறாரத் தின்ற புழு நீண்டிருக்கும்; பட்டினி கிடந்தது சுருங்கியிருக்கும்.

பொய் சொல்லாதது தலை ஒன்றுதான். தலையின் ஓடு கெட்டியானது. கை பருத்தால் கண்ணாடி வளையலும் கூடவே பருக்குமா? கழற்றிவிட்டு அடுத்த அளவு வளையலைத்தானே போட வேண்டும்! அப்படித்தான் புழுவும், சட்டை உரிக்கும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை அணிகிறது. அதுவரை தலையின் அகலம் மாறுவதே இல்லை.

ஹாரிசன் கிரே டயர் என்ற அமெரிக்கர் 1890-ல், தமது 24-வது வயதில், இதில் ஒரு கணக்கைக் கண்டார். ஒவ்வொரு தடவையும் தலை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பெரிதாகிறது. பெரும்பாலான புழுக்களில் அது 1.4 மடங்கை ஒட்டியிருக்கும். அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு நடுவே இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தால், இடையில் ஒரு பருவத்தைத் தவறவிட்டோம் என்று பொருள்.

"புழுவின் தலையை அளந்து எனக்கென்ன ஆகவேண்டும்?" என்கிறீர்களா? உங்கள் கன்றின் உயிரே அதில் இருக்கிறது! புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கை ஐந்தாம் பருவத்தில்தான் தின்கிறது. சின்னக் கன்று மொட்டையாவது அப்போதுதான். ஆகவே, எச்ச வேஷத்தில் இருக்கும்போதே அதை இலையோடு கிள்ளி, பெரிய எலுமிச்சை மரத்தில் விட்டுவிடுங்கள். இலை வாடுமுன் புழு மரத்துக்கு ஏறிக்கொள்ளும்.

ஒருநாள் அது தின்னாமல், அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதென்று எறிந்துவிடாதீர்கள். சட்டை உரிக்கத் தயாராகிறது என்று அர்த்தம். மறுநாள் கீழே கடுகுபோல ஒரு துணுக்குக் கிடக்கலாம். அதுதான் கழற்றிய தலையோடு. குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எண்ணும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.