வானொலி சொல்லும் அலையும் முகத்துவாரத்து அலையும்

அலை உயரம் இரண்டு மீற்றர் என்று வானொலி அறிவித்தால், எல்லா அலையும் இரண்டு மீற்றர் என்று எண்ணிவிடக் கூடாது. நூறு அலைகளில் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியே அந்த எண். இடையிடையே அதன் ஏறக்குறைய இரு மடங்கு உயரமான அலையும் வரும். வள்ளத்தைக் கவிழ்ப்பது அதுதான்.

இதைக் கணனி எப்படி அறிகிறது? கடலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று அலைக்குக் கொடுக்கும் சக்தி, அலை நுரைத்து உடைந்து இழக்கும் சக்தி, பக்கத்துக் கட்டத்திலிருந்து வந்துசேரும் சக்தி ஆகியவற்றைக் கூட்டிக் கழிக்கிறது. இத்தகைய எதிர்வுகூறல் 1944இல் நோர்மண்டியில் படைகளை இறக்கவும் பயன்பட்டது. அன்று கணனி இல்லை, கையால் போட்ட கணக்கு.

காற்றின் வேகம் மட்டும் போதாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நீர்மேல் வீசியது என்பதும் வேண்டும். நம் கடற்றொழிலாளருக்கு இது புதிதல்ல. கச்சான் தரையிலிருந்து வீசுவதால் கரையோரம் கடல் படுத்துக் கிடக்கும். (வள்ளத்தை வெளியே தள்ளிவிடும் என்பது வேறு கதை.) வாடையோ வங்காள விரிகுடாவைக் கடந்து வருகிறது, அதே வேகத்திலும் அலை பெரிது.

2004 டிசம்பரில் வந்த ஆழிப்பேரலை காற்றால் எழுந்ததல்ல. அது இக்கணக்கில் அகப்படாது.

பெருங்கடல் கணக்கில் ஒரு கட்டமே பல கிலோமீற்றர் அகலம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணல்திட்டு அதற்குத் தெரியாது. இரண்டு மீற்றர் அலை ஏறக்குறைய இரண்டரை மீற்றர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். மாரி வெள்ளத்தில் திட்டும் இடம்மாறும். ஆகவே வானொலி கேட்டபின்னும் கரையில் கால்மணி நேரம் நின்று, பெரிய அலைகள் எங்கே உடைகின்றன என்று பார்த்தே வள்ளத்தைத் தள்ளுங்கள்.