ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஆகியும் வலிக்கிறதா? ஆஸ்டமிக்குப் பிறகு தொடரும் வலியைச் சமாளிப்பது எப்படி?

"கட்டியை எடுத்துட்டாங்க, இனிமே பயமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் ஏன் இன்னும் வலிக்குது?" வயிற்றில் கழிவுப்பையுடன் வீடு திரும்பியவர்களில் பலருக்கும் இருக்கும் கேள்வி இது. பாதிப் பேர் இதை வாய்விட்டுக் கேட்பதில்லை. "உயிர் பிழைச்சதே பெருசு, இதுக்கு மேல என்ன கேக்குறது" என்று பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் என நெடுஞ்சாலையை ஒட்டி நீளும் தொழிற்சாலைப் பகுதியில் இந்தப் பொறுமை இன்னும் சிக்கலானது. பெரிய ஆபரேஷன் என்றால் இங்கிருந்து பலர், ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூருவுக்குத்தான் போகிறார்கள். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும், பொம்மசந்திராவில் உள்ள பெரிய தனியார் மருத்துவமனைகளும் ஓசூர் சாலையிலேயே இருக்கின்றன. ஆனால் ஆபரேஷன் அங்கே, வாழ்க்கை இங்கே. ஒரு சின்ன எரிச்சலைக் காட்ட அத்திப்பள்ளி தாண்டிப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதனால் பக்கத்து மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார்கள்.

இது ஏன் ஆபத்து? எந்த வலி இயல்பு, எது இயல்பில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

ஆஸ்டமி என்றால் என்ன?

புற்றுநோய், குடல் அழற்சி, குடல் அடைப்பு, விபத்தில் குடலில் காயம் போன்ற காரணங்களால் மலமோ சிறுநீரோ வழக்கமான வழியில் வெளியேற முடியாமல் போகலாம். அப்போது வயிற்றுச் சுவரில் ஒரு துளை போட்டு, அதன் வழியாகக் கழிவு வெளியேற வழி செய்வதுதான் ஆஸ்டமி. பெருங்குடலை வெளியே கொண்டுவந்தால் கொலஸ்டமி. சிறுகுடலின் கடைசிப் பகுதி என்றால் இலியோஸ்டமி. சிறுநீருக்கு என்றால் யூரோஸ்டமி. வெளியே தெரியும் சிவந்த குடல் பகுதிக்கு ஸ்டோமா என்று பெயர். சிலருக்கு இது சில மாதங்களுக்குத்தான். சிலருக்கு ஆயுள் முழுக்க.

வலி எத்தனை நாள் இருக்கலாம்?

முதல் சில வாரங்கள் தையல், தசை, உள்காயம் எல்லாம் வலிக்கும். அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரவேண்டும். ஆபரேஷன் முடிந்து 3 மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலியை 'அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாள்பட்ட வலி' என்று உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டிலேயே தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். எனவே இது மனப்பிரமையும் அல்ல, 'தாங்கும் சக்தி இல்லாததும்' அல்ல. சிகிச்சை பெற வேண்டிய பிரச்சினை.

'ஸ்டோமா வலிக்குது' என்பது உண்மையா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்டோமாவைத் தொட்டாலும் கிள்ளினாலும் வலி தெரியாது. தோலில் இருப்பது போன்ற வலி நரம்புகள் குடலின் அந்தப் பரப்பில் இல்லை. எனவே வலிப்பது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள தோல், அடியில் உள்ள தசை, அல்லது உள்ளே இருக்கும் குடல்.

தொழிலாளர்கள் இதை இன்னொரு விதத்திலும் நினைவில் வைக்க வேண்டும். பெல்ட் பக்கிள் உராய்ந்தாலும், மெஷின் விளிம்பு இடித்தாலும், சரியாக வெட்டப்படாத பேஸ் பிளேட் அறுத்தாலும் ஸ்டோமாவில் காயம் பட்டதே தெரியாமல் போகலாம். வலி இல்லை என்பதால் காயம் இல்லை என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நிறத்தையும் ரத்தக் கசிவையும் கண்ணால் பார்ப்பது அவசியம். துடைக்கும்போது லேசாக ரத்தம் ஒட்டுவது சகஜம். நிற்காமல் கசிந்தால் சகஜமில்லை.

1. தோல் எரிச்சல்: முதலில் சந்தேகிக்க வேண்டியது

தொடரும் அவஸ்தைகளில் அடிக்கடி வருவது இதுதான். கழிவு, குறிப்பாக இலியோஸ்டமியில் வரும் நீர்த்த கழிவு, செரிமானச் சுரப்புகளுடன் வெளியேறுகிறது. அது பிளேட்டுக்கு அடியில் கசிந்தால் சில மணி நேரத்திலேயே தோலைப் புண்ணாக்கிவிடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த அதே அளவில் தொடர்ந்து வெட்டினால் ஓட்டை பெரிதாகி, இடைவெளியில் தோல் கழிவில் ஊறும். அதனால் வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டினால் போதும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். நிறைந்து தொங்கும் பை பிளேட்டைப் பிய்த்துவிடும். அடியில் அரிப்போ எரிச்சலோ வந்தால், "மாத்துறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கே" என்று காத்திருக்கக் கூடாது. உடனே கழற்றிப் பார்க்க வேண்டும். செலவை மிச்சப்படுத்த கசிந்த பிளேட்டின் மேலேயே பிளாஸ்திரி ஒட்டுவது, கழிவைத் தோலுக்கு அருகிலேயே பூட்டி வைப்பதற்குச் சமம்.

கழுவ வெதுவெதுப்பான சாதாரண தண்ணீர் போதும். டெட்டால், ஸ்பிரிட் வேண்டாம். தேங்காய் எண்ணெய், மஞ்சள் பூசினால் பிளேட் ஒட்டாது. ஒட்டாத பிளேட் கசியும். கசிந்தால் மறுபடியும் புண். சிவப்புத் திட்டைச் சுற்றி சின்னச் சின்னப் புள்ளிகளும் கடும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு, டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

2. ஓரத்தில் வீக்கம், இழுக்கிற வலி

நிற்கும்போதும் இருமும்போதும் ஸ்டோமாவைச் சுற்றி வீங்கி, படுத்தால் குறைகிறதா? அது ஸ்டோமா ஓரக் குடலிறக்கமாக இருக்கலாம். வயிற்றுத் தசையில் துளை போட்ட இடம் பலவீனமாகி, உள்ளே இருக்கும் குடல் அதன் வழியே தள்ளப்படுவதுதான் காரணம். இது அபூர்வமானது அல்ல. சில ஆய்வுகளில் நிரந்தர ஸ்டோமா உள்ளவர்களில் பாதிப் பேர் வரை இது பதிவாகியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மறு ஆபரேஷன் தேவைப்படாது. அளவெடுத்து வாங்கிய தாங்கு பெல்ட், எடைக் கட்டுப்பாடு, இருமல் வரும்போது கையால் வயிற்றை அணைத்துப் பிடிப்பது ஆகியவை பலருக்குப் போதும். ஆனால் வீக்கம் கல் மாதிரி இறுகி, கடும் வலியும் வாந்தியும் சேர்ந்தால் அது அவசரம்.

3. இல்லாத இடத்தில் வலி

மலக்குடலையும் ஆசனவாயையும் அகற்றியவர்கள் சொல்லவே கூச்சப்படும் ஒன்று: "அங்க ஒண்ணுமே இல்ல, ஆனா வெளிக்கு வர்ற மாதிரியே இருக்கு." கால் இழந்தவருக்கு இல்லாத காலில் வலிப்பது போல, இதுவும் நரம்புகள் அனுப்பும் பழைய செய்திதான். சிறிது நேரம் கழிப்பறையில் முன்புறம் சாய்ந்து உட்கார்ந்தால் சிலருக்கு அந்த உணர்வு அடங்குகிறது. எரிவது போல, ஷாக் அடிப்பது போல வலித்தால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரை அதற்குப் பெரிதாகக் கேட்காது. நரம்பு வலிக்கென்றே மருந்துகள் இருக்கின்றன. அதனால் டாக்டரிடம் 'வலிக்குது' என்று மட்டும் சொல்லாமல், 'எரியுது', 'குத்துது', 'முறுக்குது', 'இழுக்குது' என்று பிரித்துச் சொல்லுங்கள். சிகிச்சையே அதில்தான் மாறும்.

மலக்குடலை அகற்றாமல் விட்டவர்களுக்கு அந்த வழியாகச் சளி போன்ற திரவம் வரலாம். அது கெட்டுப்போன கழிவு அல்ல, குடல் இயல்பாகச் சுரப்பது. தேங்கினால் அடிவயிற்றில் அழுத்தமும் வலியும் வரும். தினமும் ஒருமுறை கழிப்பறையில் உட்கார்ந்து மெதுவாக வெளியேற்றினால் போதும்.

4. முறுக்கு வலியும் அடைப்பும்

இந்த வட்டாரத்தில் இது சாப்பாட்டோடு சேர்ந்த விஷயம். மாங்காய் நார், தேங்காய்த் துண்டு, மக்காச்சோளம், வேர்க்கடலை, காளான் ஆகியவை இலியோஸ்டமி உள்ளவர்களுக்குக் குடலில் சிக்கிக்கொள்ளக்கூடியவை. முதல் 6 முதல் 8 வாரங்கள் தவிர்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக, கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிட்டுப் பார்க்கலாம். ராகிக் களியை அப்படியே விழுங்கிப் பழகியவர்கள் தொடக்கத்தில் கூழாகக் கரைத்துக் குடிப்பது நல்லது. நைட் ஷிஃப்டில் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் காலி வயிற்றில் வாயு சேர்ந்து பை உப்பும், வயிறும் முறுக்கும். வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுவதே நல்லது.

இலியோஸ்டமி உள்ளவர்களுக்கு நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறும். உலைப் பக்கம் வேலை செய்து வியர்த்தால் இழப்பு இரட்டிப்பு. வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பது மட்டும் இதை ஈடுகட்டாது, ஓ.ஆர்.எஸ். கரைசல் தேவைப்படும். தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல், சிறுநீர் குறைவது ஆகியவை எச்சரிக்கை மணி.

மாத்திரையில் கவனம்

கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் குடல், சிறுநீரகம் இரண்டையும் பாதிக்கலாம். ஏற்கெனவே நீர்ச்சத்து இழக்கும் இலியோஸ்டமி உடலுக்கு இது கூடுதல் ஆபத்து. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் குடலில் முழுதாகக் கரையாமலேயே பையில் வந்து விழலாம். மாத்திரை முழுசாக வெளியே வந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். இலியோஸ்டமி உள்ளவர்கள் பேதி மருந்தைச் சொந்தமாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

மறுபடி வேலைக்குப் போகலாமா?

போகலாம், பலர் போகிறார்கள். ஆனால் முதல் 6 முதல் 8 வாரங்கள் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், காஸ்டிங் டிரே எதையும் தூக்கக் கூடாது. அதற்குப் பிறகும் எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை சர்ஜனிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "டாக்டர் வேணாம்னு சொன்னாரு" என்பதைவிட ஒரு சான்றிதழ் சூப்பர்வைசரிடம் நன்றாகப் பேசும். பேன்ட் பெல்ட் ஸ்டோமா மேல் அழுந்தாமல் இருக்க வேண்டும். கம்பெனி பையில் ஒரு மாற்று செட் எப்போதும் இருக்கட்டும். பைக்கில் போவதைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்பது நல்லது.

பணத்துக்கு என்ன வழி?

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், நோய் விடுப்பில் வருடத்துக்கு 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் போன்ற குறிப்பிட்ட நீண்டகால நோய்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 80 சதவீதம் வரை 2 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட உதவி உண்டு. "லீவு போட்டா சம்பளமே வராது" என்று வலியோடு வேலைக்கு ஓடும் முன் இதை இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாத குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குறித்து 1800 425 3993 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம்.

ஒரு குறையும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆஸ்டமி தனியாக இடம்பெறவில்லை. மாதாமாதம் வாங்க வேண்டிய பையின் செலவு பல குடும்பங்களுக்குத் தீராத சுமையாக இருப்பதோடு சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

பக்கத்தில் யாரைப் பார்ப்பது?

எல்லாவற்றுக்கும் பெங்களூரு போக வேண்டியதில்லை. 2022-ல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலும், ஓசூர் அரசு மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சைப் புறநோயாளிகள் பிரிவில் காட்டலாம். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும். எந்த வகை ஸ்டோமா, தற்காலிகமா நிரந்தரமா, மலக்குடல் அகற்றப்பட்டதா இல்லையா, பிளேட்டின் அளவு என்ன என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று பெங்களூருவிலிருந்து கிளம்பும் முன்பே பாருங்கள். நேரில் போக முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் வலி நிவாரணப் பராமரிப்பு, இயன்முறை சிகிச்சை பற்றிக் கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மும்பையில் இயங்கும் இந்திய ஆஸ்டமி சங்கம், இதே நிலையில் இருப்பவர்களின் வழிகாட்டுதலுக்காகவே செயல்படுகிறது.

இன்று நாம் பயன்படுத்தும் ஒட்டும் பைகூட ஒரு சகோதரிக்காகப் பிறந்ததுதான். 1954-ல் டென்மார்க்கைச் சேர்ந்த எலிசே சோரன்சென் என்ற நர்ஸ், ஸ்டோமாவுடன் வெளியே போகவே பயந்த தன் தங்கைக்காக யோசித்த யோசனை அது.

வலி தூக்கத்தைக் கெடுத்து, மனதையும் உடைத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம். மனச்சோர்வு வலியைக் கூட்டும், வலி மனச்சோர்வைக் கூட்டும். இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும்.

இவை இருந்தால் உடனே ஆஸ்பத்திரி

* ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால்
* இலியோஸ்டமியில் 4 முதல் 6 மணி நேரம் எதுவும் வராமல், முறுக்கு வலியோ வாந்தியோ இருந்தால்
* நிற்காத ரத்தக் கசிவு இருந்தால்
* காய்ச்சலுடன் வயிறு இறுகி வலித்தால்
* பையில் தண்ணீராக அளவுக்கு மீறிக் கொட்டி, சிறுநீர் குறைந்தால்
* குறைந்துவந்த வலி திடீரென்று கூடினால்

இதில் ஒன்று இருந்தாலும் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.