எம்ஜிபி மகிழுந்து மீட்டமைப்பு

எம்ஜிபி என்பது இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட விளையாட்டு மகிழுந்து ஆகும். பழைய ஊர்திகளைச் சீராக்கி ஓட்டும் பொழுதுபோக்கில் இறங்குவோர் பலர் இதிலிருந்தே தொடங்குகின்றனர். 5 இலட்சத்துக்கும் மேல் உருவானதால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1798 கன செ.மீ. நான்கு சிலிண்டர் எந்திரமும் எளிமையானது.

சிக்கல் தகட்டில்தான். இதற்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் 'சில்' பகுதியே, குறிப்பாகத் திறந்த கூரை வகையில், உடற்கூட்டைத் தாங்குகிறது. ஈரமும் சேறும் தங்கி இது உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பட்டி பூசி வண்ணம் அடித்தால் பார்வைக்குப் புதிதாகத் தெரியும், மோதினால் தாங்காது. வாங்குவோர் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்ப்பது இதனால்தான். பட்டி தடித்த இடத்தில் அது ஒட்டாது.

துருப்பிடித்த சில்லை முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் உடற்கூடு நடுவில் தொய்ந்துவிடும். அந்நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டால் கதவு பிறகு பொருந்தாது. எனவே கதவு வாசலில் குறுக்குக் கம்பி பற்றவைத்து, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவர். 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடற்கூடுகளைச் செய்துவருகிறது, விலைதான் அதிகம்.

1967 வரையிலான வண்டிகளில் மின்கலத்தின் நேர்முனையே உடற்கூட்டுடன் இணைந்திருக்கும். இதை அறியாமல் இக்கால வானொலியைப் பொருத்தினால் அது கருகக்கூடும். அவ்வண்டிகளின் முதல் கியருக்கு ஒத்திசைவு அமைப்பும் இல்லை. வண்டி நின்ற பிறகு போடுவதே நல்லது.