தேய்க்கத் தேய்க்கத் தேயும் பெயிண்ட்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் தெருக்களில் நிற்கும் கார்களைப் பாருங்கள். பானெட்டிலும் கூரையிலும் சாம்பல், கருகிய காகிதத் துணுக்கு, மத்தாப்பிலிருந்து தெறித்த பொடி. காரின் சொந்தக்காரர் வெளியே வருவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாலு தட்டு, ரெண்டு துடைப்பு. வண்டி சுத்தமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். அந்த அரை நிமிடத்தில் பெயிண்ட்டில் விழுந்த கீறல்கள் எத்தனை என்பது, வெயில் ஏறிய பிறகுதான் அவருக்குத் தெரியும்.

தீபாவளியாவது வருடத்துக்கு ஒருமுறை. மற்ற நாட்களில் கரிசல் காட்டுப் புழுதி இருக்கிறது. ஆர்.ஆர்.நகர் பக்கம் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குச் சிமென்ட் தூசி. நான்குவழிச் சாலையில் தார்ப்பாய் கட்டாமல் முன்னால் போகும் ஜல்லி லாரி. இவை எல்லாவற்றையும் கழுவுவதற்கு நம்மிடம் இருப்பதோ உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர். கழுவிய வண்டியைத் துடைக்காமல் வெயிலில் விட்டால், நீர் ஆவியாகிப் போய், அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து மட்டும் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். அதைச் சுரண்டப் போய் இன்னும் நாலு கீறல்.

கறுப்பு, அடர்நீலக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேதனை அதிகம் தெரியும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். உண்மையில் அவை வட்டமாக விழுந்தவை இல்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாக விழுந்தவை. ஒளிக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகிறது. இதைப் போக்கத்தான் பாலிஷிங் மெஷின். நேராகக் கடைக்குப் போய் எந்த மெஷின் என்று கேட்பதற்கு முன்னால், அது எதைத் தேய்க்கப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அச்சுத் தொழிலில் இருக்கும் சிவகாசிக்காரருக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். காலண்டர் தாளில் படம் அச்சான பிறகு மேலே வார்னிஷ் ஏற்றுகிறோமே, காரில் அந்த வார்னிஷுக்குப் பெயர் கிளியர் கோட். நிறம் அடியில் இருக்கிறது. பளபளப்பு மேலே இருக்கிற அந்த நிறமற்ற படலத்தில் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50. அதாவது ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவிச் சமன் செய்வதுதான் பாலிஷ். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும், திரும்பி வராது. சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் இந்தப் படலத்தில்தான் கலந்திருக்கிறது. இது மெலிந்துபோன கார், நம்ம ஊர் வெயிலில் சில வருடங்களில் கூரையும் பானெட்டும் வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கிவிடும்.

இந்தக் கணக்கு நமது டிங்கர் பட்டறைகளில் வேரூன்றாததற்கு ஒரு காரணம் உண்டு. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் கார்களுக்கு அடித்த பெயிண்ட் வேறு. தனியாகக் கிளியர் கோட் கிடையாது. அடித்ததும் மங்கலாகத்தான் இருக்கும். வாட்டர் பேப்பர் போட்டு, ரப்பிங் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்தால்தான் பளபளப்பு வரும். மங்கினால் மறுபடி தேய்ப்பார்கள். தேய்த்துத் தேய்த்து அடி தெரிந்தால் மறுபடி பெயிண்ட் அடிப்பார்கள், கூலியும் குறைவு. அந்தக் காலத்துப் பெயிண்டர்களின் கை நேர்த்தியை இன்றைக்கு யாரிடமும் பார்க்க முடியாது. ஆனால் அந்தக் கை பழகிய பெயிண்ட் இப்போது இல்லை. பழக்கம் மட்டும் மிச்சமிருக்கிறது. “அண்ணாச்சி, லேசா ஒரு கட்டிங் போட்டுருவோமா?” என்று பட்டறையில் கேட்டால், நாமும் “போடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

அந்தக் கட்டிங்கை, அதாவது காம்பவுண்ட் தேய்ப்பை, எதை வைத்துப் போடுகிறார்கள்? சில இடங்களில் கம்பி வெட்டுகிற ஆங்கிள் கிரைண்டரை எடுத்து, கல்லைக் கழற்றிவிட்டு, கம்பளிப் பேடை மாட்டிவிடுகிறார்கள். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பாலிஷ் போடுவதற்கென்றே வரும் ரோட்டரி மெஷினின் வேகம் 600-ல் தொடங்கி 3,000 வாக்கில் முடிந்துவிடும். வேலையில் பாதி 1,500-க்குள் நடக்கும். கணக்கு இவ்வளவுதான். கிரைண்டர் பேடை ஒரு விளிம்பில் இரண்டு நொடி நிறுத்தினால் பெயிண்ட் கருகிவிடும், தாங்கும் வேகத்தைத் தாண்டிச் சுற்றும் பேட் பிய்த்துக்கொண்டு முகத்துக்கும் வரலாம். காசு மிச்சம் என்று இதை யாராவது உங்களிடம் பரிந்துரைத்தால், வண்டிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

முறையான மெஷின்களில் இரண்டு வகை. ரோட்டரியில் பேட் ஒரே அச்சில், ஒரே இடத்தில் சுற்றும். அழுத்தினாலும் நிற்காது. ஆழமான கீறலையும், வாட்டர் பேப்பர் தடத்தையும் விரைவாக எடுத்துவிடும். புதிதாகப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்கு இது தேவைதான். சிக்கல், உராய்வுச் சூடு முழுவதும் ஒரே வட்டத்தில் குவிகிறது. கதவு விளிம்பு, பானெட்டின் கோடு, பம்பர் ஆகிய இடங்களில் ஆபத்து அதிகம். விளிம்புகளில் கிளியர் கோட் இயல்பாகவே மெல்லிசு. பிளாஸ்டிக் பம்பரோ தகடுபோலச் சூட்டைக் கடத்தாமல் அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளும். கை கொஞ்சம் சாய்ந்தாலும் ரோட்டரி வளைவு வளைவாகத் தன் தடத்தை விட்டுப்போகும். ஹோலோகிராம் என்பார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் அது தெரியாது, டெலிவரி எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்த பிறகு தெரியும்.

டூயல் ஆக்‌ஷன் மெஷினில் பேட் சுற்றும், கூடவே ஒரு சிறு வட்டத்தில் ஊசலாடவும் செய்யும். இரண்டு அசைவும் சேர்வதால் பேடின் எந்தப் புள்ளியும் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காது. சூடு பரவிவிடும், தடம் விழாது. கூடுதலாக அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொண்டு வெறுமனே அதிரும். பழகாத கைக்கு இது பெரிய பாதுகாப்பு. மரவேலைக்காரர்கள் வைத்திருந்த சாண்டரின் வம்சத்தில் வந்த மெஷின் இது. வேலை மெதுவாக நடக்கிறது என்று ஆரம்பத்தில் பெயிண்டர்கள் இதை ஒதுக்கினார்கள். இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் பிக்ஃபூட் என்ற பெயரில் 15, 21 மில்லிமீட்டர் வீச்சுள்ள மெஷின்களைக் கொண்டுவந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. வீச்சு என்பது அந்த ஊசல் வட்டத்தின் அகலம். பழைய மெஷின்களில் அது 8 மி.மீ. அளவில்தான் இருந்தது. வீச்சு கூடக் கூட ஒரே நேரத்தில் அதிக இடத்தைத் தேய்க்கலாம்.

அப்படியானால் 21-ஐயே வாங்கிவிடலாமே என்று தோன்றும். இன்னோவா, ஸ்கார்பியோ மாதிரி அகலமான பானெட் உள்ள வண்டிகள் வரிசையில் நிற்கும் கடைக்கு அது சரி. ஸ்விஃப்ட், ஐ20 வகைக் கார்களில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு இடம் இருக்கிறது? கதவெல்லாம் வளைவு. வளைவில் பெரிய வீச்சு மெஷினின் பேட் ஒரு பக்கம் மட்டும் அழுந்தி, சுற்றாமல் நின்றுவிடும். சத்தம் மட்டும் வரும், வேலை நடக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: பேட் ஒட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். மெஷின் ஓடும்போது கோடு சுற்றிவந்தால் தேய்க்கிறது. ஒரே இடத்தில் நடுங்கினால் உங்கள் மின்சாரம்தான் செலவாகிறது. கடையில் மெஷினைச் சோதிக்கும்போதே இதைச் செய்து பார்க்கலாம், மேஜை விரிப்பில் அல்ல, ஒரு பழைய கதவில். இப்படி நிற்காமலிருக்க, பற்சக்கரத்தால் கட்டாயமாகச் சுற்றவைக்கும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்களும் உண்டு. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் அதில் பெயர்பெற்றது. நன்றாக வெட்டும். ஆனால் அதிர்வும் எடையும் கூட. பகல் முழுக்கப் பிடித்திருந்தவர் இரவில் சோற்றைப் பிசையச் சிரமப்படுவார்.

வாங்குவது, ஓட்டுவது பற்றி இரண்டு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து வரும் மருமகனிடம் மெஷின் சொல்லிவிடுகிற பழக்கம் இங்கே உண்டு. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் அன்றோடு அதன் ஆயுள் முடிந்தது; வோல்டேஜைக் குறைக்கும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வாங்க வேண்டிவரும். அதைவிட மதுரையிலோ கோவையிலோ வாங்கி, கார்பன் பிரஷ்ஷும் அடித்தட்டும் பிறகு உதிரியாகக் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுக்கொள்வது மேல். சிக்கனமான மெஷின்கள் பெரும்பாலும் இந்த உதிரிப் பாகத்தில்தான் கைவிடும்.

இரண்டாவது எச்சரிக்கை நம் ஊருக்கே உரியது. கார்பன் பிரஷ் மோட்டார் ஓடும்போது உள்ளே தீப்பொறி பறந்துகொண்டே இருக்கும். இருட்டில் காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் நீல வெளிச்சம் தெரியும். பட்டாசு ஆலையின் மருந்து அறைக்குள் பொறி எழுப்பும் எந்தக் கருவிக்கும் இடமில்லை என்பதைச் சிவகாசியில் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே கவனம் வீட்டு வாசலில் தளர்ந்துவிடுகிறது. பட்டாசுக் கடையை ஒட்டிய ஷெட், குடோன் வாசல், சரக்குப் பெட்டி இறக்கிவைத்த போர்டிகோ, இங்கெல்லாம் மெஷினை ஓட்டவே கூடாது. ஆலைக்குப் போய்வரும் வண்டியில் அலுமினியப் பவுடரும் மருந்துத் தூசியும் படிந்திருக்கலாம். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கதவு இடுக்குவரை அலசிய பிறகுதான் மெஷின். பிரஷ் இல்லாத மோட்டார் வந்துவிட்டதே என்பார்கள். அதை வைத்துக்கொண்டும் பட்டாசுப் பக்கம் போக வேண்டாம்.

மெஷினுக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் பேடுக்கும் மைக்ரான் மீட்டருக்கும் போடுவதில்லை. வெட்டுவது பேடும் காம்பவுண்டும்தான். மெஷின் அவற்றை அசைக்கிறது, அவ்வளவுதான். கம்பளி கடுமையாக வெட்டும், அடுத்து மைக்ரோஃபைபர், பிறகு கெட்டி ஃபோம், கடைசியில் மிருதுவான ஃபோம். சரியான வரிசை இதற்குத் தலைகீழ். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மிருதுவான ஃபோமும் நைசான பாலிஷும் வைத்துத் தொடங்குங்கள். கீறல் போய்விட்டதா, முழு வண்டிக்கும் அதுவே போதும். போகவில்லை என்றால் மட்டும் ஒருபடி ஏறுங்கள். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் கீறலையும், பொறி விழுந்து கிளியர் கோட்டைத் துளைத்த குழியையும் எந்த மெஷினும் எடுக்காது. அதை விட்டுவிட வேண்டும், அல்லது பெயிண்டரிடம் போக வேண்டும்.

மைக்ரான் மீட்டரைத் தகட்டின்மேல் வைத்தால் பெயிண்ட்டின் மொத்தக் கனத்தைச் சொல்லிவிடும் (பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது). மற்ற இடமெல்லாம் 110, 120 என்று காட்டிவிட்டு ஒரு கதவு மட்டும் 400 காட்டினால், அந்தக் கதவு பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தது. ஏதாவது ஓரிடம் 80-க்குக் கீழே காட்டினால், ஏற்கெனவே யாரோ அதைத் தாராளமாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அங்கே கையை வைக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போதும் இந்த மீட்டர் பையில் இருந்தால், விற்பவரின் பேச்சில் பாதி தானாகக் குறையும்.

கடையில் கொடுத்துச் செய்கிறவர்கள் கேட்க வேண்டியது விலையை மட்டும் அல்ல. என்ன மெஷின், மீட்டர் உண்டா, நிழலில் செய்வீர்களா என்று கேளுங்கள். சித்திரை வெயிலில் காய்ந்த தகட்டில் காம்பவுண்ட் போட்டால் அது உடனே உலர்ந்து பொடியாகும். அந்தப் பொடியே புதிய கீறல் போடும். வேலை முடிந்ததும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். சில பாலிஷ்களில் இருக்கும் எண்ணெயும் மெழுகும் கீறலை மறைத்துவைக்கும். இரண்டு வாட்டர் வாஷில் பழைய முகம் வந்துவிடும். இந்த நிலையில் சிராமிக் கோட்டிங் என்று இன்னொரு பில்லும் போட்டால், கீறல்களுக்குக் கண்ணாடி போட்டு மாட்டியதாக அர்த்தம்.

சொந்தக் காருக்காக ஒரே ஒரு மெஷின் வாங்குவதானால் என் தீர்ப்பு இது: 15 மி.மீ. வீச்சு, ஐந்து அங்குலத் தட்டு, அழுத்தினாலும் மோட்டார் வேகம் குறையாத மின்னணுக் கட்டுப்பாடு, மெதுவாகத் தொடங்கும் வசதி உள்ள டூயல் ஆக்‌ஷன். அதோடு அரை டஜன் ஃபோம் பேட், ஒரு நைஸ் பாலிஷ், ஒரு மைக்ரான் மீட்டர். கம்பளியும் ரோட்டரியும் பெயிண்ட் அடிக்கிறவர் கையிலேயே இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் மெஷினை வெளியே எடுக்க வேண்டியிருந்தால், மாற்ற வேண்டியது மெஷினை இல்லை, துடைக்கிற துணியை.