கல்லோடு ஒரு கணக்கு – 9: நேற்றைய மண் இன்றைக்கு இல்லை

சாயர்புரம் தாண்டிச் செம்மணல் மேடுகளான தேரிக்குள் கால் வைத்தபோது காலை ஆறரை மணி. வெயில் ஏறுவதற்குள் குழாய் அடித்து முடிக்க வேண்டும் என்பது பேராசிரியரின் உத்தரவு. எம்.எஸ்சி. நிலவியல் மாணவர்கள் நான்கு பேர். கையில் மண்வெட்டி, சம்மட்டி, ஓரடி நீளத்துக்கு வெட்டிய இரும்புக் குழாய்கள், ஒரு கறுப்புப் போர்வை. மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட ஓடையில் ஆள் உயரத்துக்குச் செம்மண் சுவர்போல நின்றது. வெயில் பட்ட முகப்பை ஒரு சாண் செதுக்கித் தள்ளிவிட்டு, அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்போல போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு குழாயைச் சுவருக்குள் அறைந்தோம். உருவியதும் இரண்டு முனையையும் மூடிக் கறுப்பு டேப்பை நாலு சுற்று சுற்றினோம்.

பனையிலிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“என்ன தம்பி, பொதையலா தேடுதிய?”

“இல்ல அண்ணாச்சி, மண்ணுக்கு வயசு பாக்கோம்.”

“நல்லா பாத்திய! நேத்து இங்க கெடந்த மண்ணு இன்னைக்கு இங்க கெடக்காது. ஆடிக்காத்துல வந்து பாருங்க. எந்த மண்ணுக்குன்னு வயசு பாப்பிய?”

நாங்கள் சிரித்தோம். பேராசிரியர் சிரிக்கவில்லை. “அவர் கேட்டதுக்குப் பதில் தெரிஞ்சா நீங்க பாஸ்” என்றார்.

பதில் தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆனது. தேரியில் ஒரு பிடி மண் அள்ளினால் அதற்குள் இரண்டு வயது இருக்கிறது. துகள் பாறைக்குள் பிறந்த காலம் ஒன்று. அந்தத் துகள் கடைசியாக வெயிலைப் பார்த்த நாள் இன்னொன்று.

முதல் வயதைத் தேடி மேற்கே மலைக்குப் போக வேண்டும். பாபநாசம், குற்றாலம் பக்கம் சுத்தியலோடு அலைந்த நாட்களில் நாங்கள் சுமந்து இறங்கியதெல்லாம் கல்தான். சுத்தியல் பட்டுத் தெறித்த புதுமுகத்தில் எண்ணெய் தடவியதுபோலப் பச்சை கலந்த கறுப்பு மின்னினால் அது சார்னோகைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்டிருந்த கல்லைப் பார்த்து, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-ல் வைத்த பெயர். கல் என்னவோ நம் பல்லாவரத்து இனம்! ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதி, செய்தித்தாளில் சுற்றிச் சாக்கில் கட்டுவோம். பேருந்தில் நடத்துநர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்து “உள்ள என்ன?” என்பார். “கல்லு.” நம்பாமல் அவிழ்த்துப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் அந்தக் கல்லை நொறுக்கி, சலித்து, தட்டில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். அம்மா அரிசி களையும்போது கல் அரிப்பாரே, அதே கை அசைவுதான். என்ன, இங்கே அரிசியைக் கொட்டிவிட்டுக் கல்லை வைத்துக்கொள்கிறோம். கனமான திரவத்தில் போட்டால் லேசான கனிமங்கள் மிதக்கும், கனமானவை அடியில் தங்கும். காந்தத்துக்கு இழுபடுவதையும் விலக்கினால் மிஞ்சுவதில் இருக்கிறது நாங்கள் தேடும் கனிமம், ஜிர்கான். நுண்நோக்கிக்கு அடியில் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். மேலே மின்விசிறி சுற்றக் கூடாது. தும்மக் கூடாது. ஒரு மாத உழைப்பைத் தும்மலில் பறக்கவிட்ட அண்ணன் ஒருவர் எங்களுக்கு முந்தைய வகுப்பில் இருந்தார்.

ஜிர்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக அண்டவிடாது. ஆகவே பின்னால் அதற்குள் காணும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். இரண்டின் விகிதத்தை லேசர் கருவியில் அளந்தால் வயது வந்துவிடும். கருவி எங்கள் கூடத்தில் இல்லை. சாம்பிளை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆராய்ச்சி மாணவனின் முக்கால் பிழைப்பு. தென்கோடி மலைகளின் ஜிர்கான் பலவற்றுக்கு உள்ளே பழைய கரு, வெளியே வெங்காயத் தோல்போல ஒரு விளிம்பு. விளிம்பு பெரும்பாலும் ஏறக்குறைய 55 கோடி ஆண்டு சொல்லும். கண்டங்கள் மோதிக் கோண்டுவானா என்ற பெருங்கண்டமாக ஒட்டிய காலம் அது.

அந்த மலை தேய்ந்து, ஆற்றோடு இறங்கி, காற்றில் பறந்து வந்து படுத்ததில்தான் நம் தேரி. ஆக, பெரியவரிடம் “55 கோடி வருசம்” என்று சொல்லியிருந்தால் பொய்யாகாது. ஆனால் அவர் கேட்டது அதையல்ல.

அவர் கேட்டதற்குப் பதில் குவார்ட்ஸில் இருக்கிறது. நம் ஊர் வெங்கச்சங்கல்லின் பொடிதான் அது. மண்ணுக்குள் புதைந்த துகளைச் சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்கள் ஓயாமல் தாக்கும். அந்த ஆற்றலில் கொஞ்சத்தைத் துகள் உள்ளே சேமிக்கும், உண்டியலில் காசு விழுவதுபோல. வெயில் பட்டால் ஒரே நிமிடத்தில் உண்டியல் காலி. மறுபடி புதைந்தால் மறுபடி முதல் காசு. கூடத்தில் நீல ஒளி பாய்ச்சினால் சேமித்தது மின்னலாக வெளிவரும். மொத்தச் சேமிப்பை வருட வரவால் வகுத்தால், புதைந்து எத்தனை வருடம் என்று தெரியும். நம் கடற்கரைப் பக்கம் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருப்பதால் வருட வரவை இடத்துக்கு இடம் தனியாக அளந்தாக வேண்டும்.

வேலை முழுக்க மங்கிய சிவப்பு விளக்கில். உப்பு அமிலத்தில் சுண்ணாம்பு போகும், பெராக்சைடில் மக்கு போகும், பிறகு கண்ணாடியையே தின்னும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அதனால் குவளைகள் எல்லாம் பிளாஸ்டிக். அமிலத்திலிருந்து எடுத்துப் பார்த்தால் செக்கச்செவேலென்ற தேரி மண் வெள்ளையாகக் கிடக்கும். சிவப்பு அதன் மேல் படிந்த இரும்புத் துருதான்.

அந்த வெள்ளையைப் பார்க்கும் ஆசையில்தான் நான் கெட்டேன். ஊருக்கு வந்த இரவு, ஒரு குழாயின் மூடியை விடுதி அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் திறந்து, உள்ளே இருந்த மண்ணைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், உண்டியல் காலி. பேராசிரியர் திட்டவில்லை. “சம்மட்டி எங்க இருக்குன்னு தெரியும்ல?” என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் மறுபடி அடித்து வந்தேன்.

தேரிக்கு வயது சொல்லும் முயற்சி பழையது. 1956-ல் ஆய்வாளர்கள் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் திருநெல்வேலி மாவட்டத் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதினார்கள். பழைய கடல்மட்டத்தை வைத்து, அவை கி.மு. 4000 வாக்கிலானவை என்றார்கள். அளக்கும் கருவி இல்லாத காலத்து ஊகம், ஆனால் மோசமில்லை. பின்னால் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அசோக் சிங்வி உள்ளிட்டோர் ஒளிமுறையில் அளந்தபோது, தேரி மணல் குவிந்த கதை 11,000 ஆண்டு அளவுக்குப் பின்னோக்கிப் போனது.

முத்துக்குளித்துறையில் சிப்பிக்கா பஞ்சம், அதில் உள்ள கரிமத்தை வைத்தே வயது பார்க்கலாமே என்று கேட்பார்கள். சிப்பி கடலின் பழைய கரிமத்தைத் தின்று வளர்வதால் சில நூறு ஆண்டு கூடுதலாகச் சொல்லும், திருத்தம் போட வேண்டும். அடுப்புக் கரி அந்த வேலை வைக்காது. 1968-69 கொற்கை அகழாய்வில் கிடைத்த கரி கி.மு. 785 என்றது. சிவகளை அகழாய்வில் இரும்போடு கிடைத்த கரி கி.மு. 3345 வரை போனதை 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.

கரியோ மணலோ, கணக்கு நிற்பது அது கிடந்த இடத்தில். எந்த அடுக்கு, எத்தனை அடி ஆழம் என்று தெரியாவிட்டால் எந்தக் கருவியாலும் பயன் இல்லை. நாங்கள் குழாய் அடித்த ஓடைக்கரையைப் போன மாதம் தேடிப் போனேன். செம்மண் அள்ளி, சுவர் இருந்த இடம் பள்ளமாகக் கிடக்கிறது. தேரிப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நகக்கண் அளவில், நுண்கற்கருவிபோலக் கூர்மையான கல்சில்லு கண்ணில் பட்டால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

(தொடரும்)